பன்னீரை எழுதாத பக்கம்

எண்பதுகளின் நடுவில் ஒரு சமயம் என் இடக்கண்ணுக்குள் அழற்சி வந்தது. வலக்கண் சிறுவயதிலேயே இறகுப்பந்து பட்டுப் பார்வை போன கண். சாங்கி விமான நிலையத்தில் சரக்கு ஆவணங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எஞ்சியிருந்த ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் அதைச் செய்துவந்தேன். சொட்டு மருந்தில் அழற்சி அடங்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை மருத்துவர் கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஊசி போட்டார்.

வீட்டுக்கு அனுப்புமுன் தாதி தமிழில் சொன்னார். "கிருமி மருந்து விட்டுக் கழுவியிருக்கோம், மணல் விழுந்த மாதிரி உறுத்தும். கசக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு மேல குளிர்ச்சியா ஈரத்துணி வைங்க. நாங்க குடுத்த சொட்டு மருந்தைத் தவிர வேற எதுவும் விடாதீங்க. நாளைக்குள்ள குறையணும். கூடினாலோ, பார்வை மங்கினாலோ உடனே வந்துடுங்க, காத்திருக்காதீங்க லா."

வீட்டுக்கு வந்ததும் நாட்குறிப்பில் கட்டம் போட்டேன். மணி, உறுத்தல், பார்வை. உறுத்தலுக்குப் பத்துக்கு எத்தனை என்று எண். பார்வைக்கு எதிர்ச்சுவரில் இருந்த நாள்காட்டி: தேதி தெரிகிறதா, அதற்குக் கீழே ராகுகாலத்தின் பொடி எழுத்து தெரிகிறதா. செவ்வாய் மதியம் உறுத்தல் ஆறு. மாலை நான்கு. புதன் காலை பத்து மணிக்கு மூன்றாக இறங்கியது. ராகுகாலத்தைப் படிக்க முடிந்தது.

பத்து மணி தாண்டியதும் அக்கா புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து பஸ்ஸில் வந்தாள். வரும் வழியில் சிராங்கூன் சாலைக் கடையில் ஒரு சீசா பன்னீர் வாங்கியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் யாருக்குக் கண் சிவந்தாலும் பன்னீர்தான்.

"வேற எதுவும் விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காங்க அக்கா."

"பன்னீர் என்ன மருந்தாடா? சாமிக்குத் தெளிக்கிறது. படு."

நாற்பத்தேழு வயதில், அக்கா சொன்னதும் படுத்தேன். இரண்டு சொட்டு. எரிச்சலில் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தேன். "எரியட்டும், சூடு இறங்குது" என்றாள். பதினொன்றரைக்கு மறுபடியும் விட்டாள்.

அதை நான் எழுதவில்லை. கட்டத்தில் அதற்கு இடமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பக்கத்தைத் தாதி பார்க்க நேரலாம் என்பதுதான் உண்மைக் காரணம்.

பதினொரு மணி: ஆறு. பன்னிரண்டு: ஏழு, ராகுகாலம் கலங்கல். ஒரு மணி: எட்டு, தேதியே பிசிறடித்தது. உறுத்தல் கூடிவிட்டது, பார்வையும் மங்கிவிட்டது. நாட்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டேன். அக்கா என் முழங்கையைப் பிடித்து டாக்சியில் ஏற்றினாள்.

மருத்துவர் என் கட்டத்து எண்களை விரலால் தொட்டபடி படித்தார். மூன்றுவரை இறங்கியது திடீரென்று ஏறியது ஏன் என்று என்னிடம் கேட்கும்படி தாதியிடம் சொன்னார். உள்ளே கிருமி புகுந்திருந்தால் இன்றே கண்ணுக்குள் ஊசி போட வேண்டும், அப்போதும் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார்.

"பத்து மணிக்கு அப்புறம் கண்ணுல ஏதாச்சும் விட்டீங்களா?" என்று தாதி கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"ஏன்டா பொய் சொல்ற?" அக்கா கைப்பையைத் திறந்து சீசாவை மேசைமேல் வைத்தாள். "நான்தாம்மா விட்டேன். ரெண்டு தடவை."

மருத்துவர் சீசாவை முகர்ந்து பார்த்துவிட்டு என் தாடையைக் கருவியில் வைக்கச் சொன்னார். வெளிச்சம் கண்ணை அறுத்தது. உள்ளே தெளிவாக இருக்கிறது, மேற்பரப்புதான் புண்ணாகியிருக்கிறது என்றார். உப்பு நீரால் நெடுநேரம் கழுவினார்கள். மாலையில் மறுபடி பார்த்த பிறகே அனுப்புவோம் என்று உட்கார வைத்தார்கள். ஐந்து மணிக்கு உறுத்தல் நான்காகி, சுவர்க் கடிகாரத்தின் எண்கள் பிரிந்து தெரிந்தன.

"சாமிக்குத் தெளிக்கிறது சாமிக்கே இருக்கட்டும்மா" என்றார் தாதி. அக்கா சீசாவை எடுத்துக் கைப்பையில் போட்டாள். டாக்சியில் ஏறியதும் என் பக்கம் திரும்பினாள்.

"சரக்குப் பேப்பரையும் இப்படித்தான் பாக்குறியாடா?"

வீட்டில் நாட்குறிப்பை எடுத்துப் பத்துக்கும் பதினொன்றுக்கும் நடுவில் எழுதினேன்: பன்னீர், இரண்டு சொட்டு. பதினொன்றரைக்கு, மறுபடியும். இடம் தாராளமாக இருந்தது.