மொட்டை மாடிக்குப் போன இன்சுலின்

ஸ்ரீரங்கத்து வடக்கு உத்திர வீதியில் வேதவதிக்கு வாயே கிடையாது என்று பேர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஒரு தையல் கடையில் வேலை. நாலு பேர் கூடினால் ஓரமாக ஒதுங்கிவிடுவாள்; ஆனால் அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது. இது மட்டும் எப்படித் தப்பியது என்றுதான் அன்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

மகள் மாதுரிக்கு ஒன்பது வயதிலேயே சர்க்கரை நோய். வேளை தவறாமல் இன்சுலின் போட்டும், சித்திரை வெயிலில் குழந்தை வாந்தியெடுத்து, மூச்சு வாங்கி, கண் செருகிவிட்டது. தில்லைநகரில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே போட்ட இன்சுலினுக்குச் சர்க்கரை இறங்கத் தொடங்கியது.

"உங்க வீட்டு மருந்து கெட்டுப்போயிருக்கும்மா. எங்க வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டர் ஆஃப்ரின்.

"ஃபிரிட்ஜ்லதான்."

மறுநாள் குழந்தையை நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாற்றுத்துணிக்காக வீட்டுக்கு வந்த வேதவதி, கொடியில் காய்ந்ததை எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே தகரக் கூரை அறையில், பழைய டிரங்குப் பெட்டியின் மேல் இன்சுலின் டப்பா. தொட்டாள். சுட்டது.

டப்பாவோடு இறங்கிவந்து புருஷன் முன்னால் நின்றாள். வைதீகம் பார்க்கும் கோபு அசரவில்லை.

"பெருமாள் பாலும் அதே ஃபிரிட்ஜ்லதானே இருக்கு? இது பன்னிலேர்ந்து எடுக்கறதாம், வாட்ஸ்அப்ல வந்தது. நீ கடைக்குப் போனதும் மேல வெப்பேன், வரதுக்குள்ள இறக்கிடுவேன். நேத்து ஆஸ்பத்திரி அவசரத்துல மறந்துட்டேன்."

"எத்தனை நாளா?"

"கோடை ஆரம்பிச்சதுலேர்ந்து."

"பன்னி எல்லாம் அந்தக் காலம். மனுஷா உடம்புல இன்சுலின் பண்ற மரபணுவை வளையம் மாதிரி ஒரு டிஎன்ஏல ஒட்டி, பாக்டீரியாக்குள்ள அனுப்பறா. அந்த வளையம்தான் வண்டி. பாக்டீரியா அதைத் தன்னோடதுன்னு நெனச்சுண்டு இன்சுலின் பண்ணிக் குடுக்கறது. இவளுக்குச் சர்க்கரைன்னு கண்டுபிடிச்ச முதல் நாளே டாக்டர் சொன்னா. நீங்க வெளியில ஃபோன்ல பேசிண்டிருந்தேள்!"

"அப்போ மனுஷாளோடதா? அது இன்னும் அசுத்தமாச்சே!"

"உங்க உடம்புலயும் இதேதான் ஓடறது. உங்களை எந்த மாடியில கொண்டு வைக்கட்டும்?"

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. வேதவதி குரலைத் தாழ்த்தவில்லை. ஃபிரிட்ஜைத் திறந்து பால் செம்பை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

"பெருமாளுக்கு அன்னன்னிக்குப் புதுப் பால் வாங்கிண்டு வாங்கோ. இந்த ஃபிரிட்ஜ் இனிமே என் பொண்ணுக்கு. இதுல உங்க கை பட்டா, நானும் அவளும் இந்த ஆத்துல இருக்க மாட்டோம்."

கெட்ட மருந்தை டாக்டரிடம் காட்டப் பையில் போட்டுக்கொண்டு பஸ் பிடிக்க நடந்தாள். போயிட்டு வரேன் என்று சொல்லவில்லை.