செங்கால் நாரைகளுக்கு ஒரு வரவேற்பு

தொண்ணூறுகளில் ஓர் ஐப்பசியில், அயனம்பாக்கம் ஏரிக்கரைக் கோரையில் இரண்டு செங்கால் நாரைகள் வந்து இறங்கின. எங்கள் பக்கத்தில் அதற்குமுன் நான் அவற்றைக் கண்டதே இல்லை. அந்தக் கோரையின் மேல்தான் லாரி லாரியாகக் கட்டட இடிபாட்டைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரிய அதிகாரி பறவைகளைக் கண்ணால் பார்த்துவிட்டால் கொட்டுவது நிற்கும் என்று நம்பி, முறைப்படி மனுக் கொடுத்து, நினைவூட்டலும் அனுப்பி, அவரை வரச் சம்மதிக்க வைத்தேன்.

அதிகாரி வருகிறார் என்றால் நம் அலுவலகங்களுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: சுத்தம் செய்வது. அன்று காலை நான் போனபோது கோரை முழுவதையும் அறுத்து, பிளீச்சிங் பவுடர் தூவி, ஷாமியானா போட்டிருந்தார்கள்.

"பறவை எங்கேய்யா?" என்று மேஸ்திரியிடம் கத்தினேன்.

"அது அப்பவே பறந்து பூட்ச்சு சார். நல்லதாப் போச்சு. ஐயா தலைமேல எச்சம் கிச்சம் போட்டா யாரு பதில் சொல்றது?"

அதிகாரி வந்தார், மாலை வாங்கிக்கொண்டார், மொட்டைக் கரையைப் பார்த்தார். "பறவை எதுவும் இல்லையே" என்றார். நேரில் பார்த்தவர் அல்லவா, மறுக்க முடியுமா?

மறுநாளே லாரிகள் இடிபாட்டோடு திரும்பி வந்தன. "இப்ப தடம் சோக்கா கீது சார்" என்றார் ஒரு டிரைவர். அவரை அல்ல, மாலை வாங்கியவரை அறைய வேண்டும்போல் இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.