பிரான்சில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்த ஊசி

என் கணவர் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர், பாரிசில் வேலை. "பாப்பாவுக்கு ஊசியெல்லாம் இங்க வந்து போட்டுக்கலாம்" என்று அவர் போனில் சொன்னதை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொன்னேன். காரைக்கால் பக்கம் எங்கள் ஊரான நெடுங்காட்டில் தடுப்பூசி போடும் நர்ஸ் அக்கா மூன்று புதன்கிழமை வீடு தேடி வந்தார். மூன்றாம் முறை, உள்ளே இருந்துகொண்டே நான் கதவைத் திறக்கவில்லை.

பாப்பாவின் பாஸ்போர்ட் வருவதற்குள் கக்குவான் இருமல் வந்துவிட்டது. ஐந்து மாதக் குழந்தை இருமி இருமி, மூச்சை இழுக்க முடியாமல் முகம் நீலம் பாரித்தது. யாரிடம் ஓடுவது? அந்த அக்காவிடம்தான் ஓடினேன். காரைக்கால் ஆஸ்பத்திரிவரை ஆட்டோவில் அவர்தான் குழந்தையை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தார். "மூச்சு விடுடி, என் தங்கமே" என்று நான் கதறிக்கொண்டே போனேன்.

டாக்டர் தடுப்பூசி அட்டையைக் கேட்டார். பிறந்தபோது போட்டதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் காலி. நான் பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டார்.

"என் தப்புதாங்க டாக்டர். நாலாவது தடவையும் நான் போயிருக்கணும்."

பல நாள் போராடி மகள் பிழைத்தாள். நான்காவது தடவை அவர் வந்திருந்தாலும் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். அதை அந்த அக்காவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.