ஓட ஓட ஏறிய எடை

எங்கள் வீட்டு எடை மெஷின் என் தம்பிக்காக வாங்கியது. இரண்டு கிட்னியும் கெட்டுப்போய் அவனுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தபோது அதை வாங்கிக் கூடத்து மூலையில் வைத்தோம். காலையில் பல் விளக்கும் முன்பே அதில் ஏறி நிற்பான். ஒரு கிலோ கூடியிருந்தால் அது சதையும் இல்லை, கொழுப்பும் இல்லை. குடித்த தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தம். அடுத்த டயாலிசிஸில் அதை எடுத்துவிடுவார்கள். எங்கள் வீட்டில் எடை என்றால் தண்ணீர். இதில் யாருக்கும் சந்தேகமே கிடையாது.

காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து அவன் பக்கத்தில் வைத்துவிடுவேன். நாள் முழுக்க மாத்திரைக்கும் அதுதான், தாகத்துக்கும் அதுதான். தாகம் தாங்காவிட்டால் ஐஸ் கட்டியை வாயில் அடக்கிக்கொள்வான். வாய் நிறையத் தண்ணீர் வைத்துக் கொப்பளித்துத் துப்புவான். ஆம்பூர் வெயிலில் ஒரு முப்பத்தைந்து வயது ஆண்பிள்ளை தண்ணீரைத் துப்புவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சோறு தின்பேன்? தின்றேன், அது வேறு விஷயம். நன்றாகத்தான் தின்றேன்.

அவனுக்குக் கிட்னி கொடுக்க நான்தான் என்று முடிவானது. அப்பா இல்லை. ஆலங்காயத்தில் இருக்கும் அம்மாவுக்குச் சர்க்கரை, அவளைக் கழித்துவிட்டார்கள். என் ரத்தம் பொருந்தியது, மற்றதெல்லாமும் பொருந்தியது. வேலூரில் பரிசோதனைகளை எல்லாம் முடித்த பிறகு டாக்டர் அம்மா என்னைத் தராசில் நிற்க வைத்தார். எண்பத்திரண்டு காட்டியது. அவர் பேனாவை மூடி வைத்தார்.

"உங்க கிட்னி நல்லா இருக்கும்மா. ஆனா இந்த வெயிட்டோட ஆபரேஷன் பண்ணா நாளைக்கு உங்களுக்கே பிரச்சனை வரும். ஆறு கிலோ குறைச்சிட்டு வாங்க, தேதி குடுக்கறேன். பட்டினி கிடக்காதீங்க. நடங்க, முடிஞ்சா ஓடுங்க."

ஷூ கம்பெனியில் தையல் லைன் சூப்பர்வைசர் நான். நாள் முழுக்க நூறு பேர் முதுகுக்குப் பின்னால் நடக்கிறேன். அது நடை இல்லையாம். எனக்குக் கோபமான கோபம். ஆனால் வெளியே பெஞ்சில் தம்பி உட்கார்ந்திருந்தான். என் முகத்தைப் பார்த்தே பயந்துபோனான். "ஒன்னும் இல்லடா, ஆறே ஆறு கிலோ. ஊதித் தள்ளிட்டு வர்றேன் பாரு" என்றேன்.

வாய் என்னவோ சொல்லிவிட்டது. ஓடியது நான்.

எங்கள் லைனில் செக்கிங் பார்க்கும் பெண் ஒருத்தி, எனக்கு நல்ல தோஸ்த். அவளுடைய அக்கா மகன் போலீஸ் வேலைக்காக ஓடிப் பழகுகிறான். அவன் போனில் வைத்திருந்த பயிற்சியை என் போனிலும் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு நிமிஷம் ஓடு, கொஞ்சம் நட, மறுபடி ஓடு. போகப்போக ஓட்டம் நீளும், நடை குறையும். கடைசியில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர் ஓடிவிடலாமாம். போனுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக்காரி குரல் கொடுப்பாள். விடியற்காலையில் பாலாற்று மணலில் அந்த வெள்ளைக்காரி சொன்னபடி ஓடினேன். வருஷத்தில் பாதி நாள் அந்த ஆற்றில் தண்ணீர் ஓடாது, நானாவது ஓடட்டுமே. தோஸ்த்தும் புர்காவைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே வந்தாள். எனக்காகத்தான் வருவதாகச் சொன்னாள். முதல் நாளே என்னைத் தாண்டிப் போய்விட்டாள், பாவி.

முதல் வாரம் மாடிப்படி இறங்க முடியவில்லை. கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. கம்பெனி வண்டியில் ஏற என்னை இரண்டு பெண்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது. இருக்கட்டும், வலிக்கிறது என்றால் கரைகிறது என்று நினைத்துக்கொண்டேன். வார முடிவில் ஆசையாகத் தம்பியின் மெஷினில் ஏறினேன்.

எண்பத்து மூன்று.

இறங்கி மறுபடி ஏறினேன். மெஷினை நகர்த்தி வேறு டைல்ஸ் மேல் வைத்து ஏறினேன். வளையல், தாலிச்சரடு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு ஏறினேன். என் வீட்டுக்காரர் ஆட்டோ எடுக்கக் கிளம்பியவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அடுத்து காதைக் கழட்டி வெச்சிட்டு ஏறு" என்றார். அவரிடம் அப்புறம் பேசிக்கொள்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

பேட்டரி மாற்றினேன். அப்போதும் அதேதான். சோற்றைப் பாதியாக்கினேன். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட்டேன். ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணியை விடுவது எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், தெரு முழுக்க வாசனை, நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டாவது வாரமும் ஓடினேன். மூன்றாவது வாரம் மூச்சு கொஞ்சம் சொன்னபடி கேட்டது, நின்று இருமாமல் ஓட முடிந்தது. மெஷின் எண்பத்து நான்கு காட்டியது.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. தின்பது குறைந்திருக்கிறது, ஓடுவது கூடியிருக்கிறது, எடை ஏறுகிறது. இது எந்த ஊர் நியாயம்? கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஷூ பெட்டிகளை நிறுக்கும் பெரிய தராசு ஒன்று இருக்கிறது. கப்பலேறிப் போகிற சரக்குக்கானது, பொய் சொல்லாது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லையென்று பார்த்து அதில் ஏறினேன். பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "இன்னாக்கா, உன்ன ஜெர்மனிக்கு அனுப்பறாங்களா?" அன்று பேக்கிங் முழுக்கச் சிரித்தது. தராசும் அதே எண்பத்து நான்கைத்தான் காட்டியது.

தோஸ்த்திடம் புலம்பினேன். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"ஓடுனா கம்மியாவணும், உனக்கு ஜாஸ்தியாவுது. ஒரே பேஜாரா கீதேக்கா. தைராய்டு பாத்தியா?"

"எல்லாம் பாத்தாச்சுடி. ஆஸ்பத்திரில பாக்காத இடம் இல்ல."

"அப்ப கண்ணு பட்டிருக்கும்."

கண் படுகிற மாதிரியா நான் ஓடினேன்? இருந்தாலும் அன்று சாயங்காலம் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுக்கொண்டேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிக்கொண்டிருந்தது, எதையும் விட்டுவைக்கக் கூடாது.

மறுபடி பரிசோதனைக்கு வேலூர் போக வேண்டிய நாள் நெருங்கியது. தம்பிக்கு முகம் கறுத்து, கால் வீங்கி, டயாலிசிஸ் முடிந்து வந்தால் மறுநாள் வரை எழுந்திருக்க முடிவதில்லை. அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை, உன் எடை என்ன ஆச்சு என்று. அந்தக் கேளாமைதான் என்னைக் கொன்றது. நான் மெஷினில் ஏறும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வான். ஒருநாள் நான் நம்பரைப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழவே தோன்றவில்லை.

"அது தண்ணிக்கா" என்றான் கட்டிலிலிருந்து.

"இன்னாது?"

"கால் வலிக்குது, வீங்கிக்கினு இருக்குதுன்றியே. அங்க தண்ணி கோத்துக்கினு இருக்கும். கொழுப்பு ஒரு வாரத்துல ஏறாது. எனக்குத் தெரியாதா எடை?"

அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்! எனக்கு அப்படியே கண் திறந்த மாதிரி இருந்தது. தண்ணீர்! இத்தனை நாள் அதைவிட்டு எதையெதையோ சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேனே. தண்ணீர் ஏறினால் என்ன செய்வது என்று எங்கள் வீட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்களே.

நான் தண்ணீரை நிறுத்தினேன்.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டான். சோற்றுக்கு நடுவே ஒரு வாய், அவ்வளவுதான். காபியை விட்டேன், மோரை விட்டேன், ரசத்தை விட்டேன். ஓட்டத்தை மட்டும் விடவில்லை. மணலில் ஓடிவிட்டு வந்து, அவன் செய்வதுபோலவே வாய் கொப்பளித்துத் துப்பினேன். ஐஸ் கட்டியை அடக்கிக்கொண்டேன். லைனில் நிற்கும்போது ஷூ பசை வாடைக்குத் தலை சுற்றியது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது, ஒன்றுக்கு மஞ்சளாகக் கொஞ்சமே கொஞ்சம் போனது. ஐயோ, இதைத்தானே இவன் இத்தனை மாதமாக அனுபவிக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். அவன் படுவதை நானும் கொஞ்சம் படுவதில் ஒரு திருப்திகூட இருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். வேலூர் போன அன்று காலை மெஷினில் ஏறினேன். இரண்டு கிலோவுக்கும் மேலே இறங்கியிருந்தது. தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா? இறங்குதுடா!" என்றேன். பல நாளைக்குப் பிறகு அவன் சிரித்தான்.

ஆஸ்பத்திரியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். மத்தியானத்துக்கு மேல் டாக்டர் அம்மா எங்கள் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். எடையைப் பற்றிப் பேசுவார் என்று நான் புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தேன். அவர் எடையைப் பற்றிப் பேசவே இல்லை.

"போன தடவை உங்க கிட்னி நல்லா இருந்துது. இப்ப கிரியாட்டினின் ஏறியிருக்கு. ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா? வலி மாத்திரை? நாட்டு மருந்து?"

கிரியாட்டினின். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டால் சாவுச் செய்தி மாதிரி எல்லாரும் வாயடைத்துப் போவோம். கிட்னி சரியாக வேலை செய்யாவிட்டால் ரத்தத்தில் ஏறுவது அது, தம்பிக்கு முதலில் ஏறியதும் அதுதான். நான் அவனைப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது, அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இல்லம்மா, எதுவும் சாப்பிடல."

"இப்பிடியே இருந்தா உங்ககிட்டேர்ந்து கிட்னி எடுக்க முடியாது. உங்களுக்கே வைத்தியம் பாக்கணும்" என்றார். பிறகு என் உதட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். என் கையைப் பிடித்துப் புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்கினார். தோல் எழுந்தபடியே நின்றது, மெதுவாகத்தான் படிந்தது.

"தண்ணி எவ்ளோ குடிக்கிறீங்க?"

நான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தேன்.

"உங்களத்தாம்மா கேக்கறேன்."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், எண்பத்து நான்கையும், மணலையும், ஐஸ் கட்டியையும். டாக்டர் அம்மா இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். பெரிய படிப்புப் படித்தவர் அப்படி உட்கார்ந்ததைப் பார்த்து எனக்கே பாவமாக இருந்தது.

"புதுசா ஓட ஆரம்பிச்சா யாருக்கும் மொதல்ல எடை ஏறும்மா. பழக்கமில்லாத சதை அடிபடும், அது ஆறறதுக்குத் தண்ணிய புடிச்சு வெச்சுக்கும். கொஞ்ச வாரம் போனா தானா வடியும். உங்க தம்பி சொன்னது சரிதான். ஆனா அதுக்கு அவர மாதிரி தண்ணிய நிறுத்துவாங்களா? அவருக்குத் தண்ணி வெளிய போகாது. உங்களுக்குப் போகும். கிட்னி தண்ணி இல்லாம எப்பிடி வேலை செய்யும்? ஒரு வாரம் நல்லா குடிச்சிட்டு வாங்க, மறுபடி ரத்தம் பாக்கலாம். இறங்கிட்டா பயமில்ல."

இறங்காவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

மறு வாரம் ரத்தத்தில் எல்லாம் பழையபடி சரியாக இருந்தது என்பதும், எடையும் மெல்ல இறங்க ஆரம்பித்து, இப்போது இன்னும் இரண்டு கிலோதான் பாக்கி என்பதும் பிறகு நடந்தவை. அன்றைக்கு எங்களுக்கு எதுவும் தெரியாது. ஆட்டோ பிடித்து வேலூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். தப்பு என்னுடையதா, எடையுடையதா, அவனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது தப்பா, எதுவும் எனக்குப் பிடிபடவில்லை. பஸ்ஸில் என்னை உட்கார வைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான். வீங்கின காலோடு எங்கே போகிறான் என்று எட்டிப் பார்த்தேன். பெரிய தண்ணீர் பாட்டில் ஒன்றோடு வந்தான். சில்லென்று வியர்த்திருந்தது பாட்டில்.

"அறிவு கீதா உனக்கு?" என்றான். "உனக்கு ஒன்னு ஆயிட்டா நான் யாருகிட்ட போவேன்? எனக்குக் கிட்னியே வாணாம், நீ இரு போதும். புடி. குடி."

"நீ எதிர்ல இருக்கும்போது எப்பிடிடா..."

"குடிக்கா."

மூடியைத் திறந்து அவனே என் கையில் திணித்தான். குடித்தேன். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. கழுத்தில் வழிந்தது, ஜாக்கெட் நனைந்தது, பக்கத்து சீட்டுக்காரி பார்த்தாள். பாதி பாட்டிலுக்கு மேல் காலி செய்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன். கண்ணைத் திறந்தால், என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தொண்டையும் ஒரு முறை ஏறி இறங்கியது.

"எப்பிடிக்கா இருக்குது?" என்று கேட்டான்.