வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற சீன வீராங்கனை

"விண்ணப்பங்கள் கிடைத்த வரிசைப்படியே பரிசீலிக்கப்படும்." ஜேர்மனியில் கொலோனுக்குப் பக்கத்துச் சிறு நகரமொன்றில், வெளிநாட்டவர் அலுவலகச் சுவரில் தொங்கிய விதி இது. யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசு அலுவலகத்தில், தலைமை எழுதுவினைஞனாக இருந்து ஓய்வுபெற்றவன் நான், விதிகளை நம்புவேன். ஊரிலிருந்த மனைவியை அழைக்க நான் கொடுத்த விண்ணப்பம் அங்கே மூன்றாவது ஆண்டாகக் கிடந்தது.

அப்போது ஒரு ஜிம்னாஸ்டிக் மண்டபத்தைத் துடைக்கும் வேலை எனக்கு. அங்கே ஒரு சீனப் பெண் வந்து சேர்ந்தாள். ஐந்து வயதில் விளையாட்டுப் பள்ளி, பதினான்கில் தேசிய அணி, பத்தொன்பதில் மணிக்கட்டு கெட்டு ஓய்வு. எனக்கு ஓய்வு கிடைக்க முப்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. இங்கே கழகத்துக்காக மறுபடியும் கம்பியில் சுழன்றாள். பிடி வழுக்காமலிருக்கப் பூசி, அவள் கையிலிருந்து உதிரும் வெள்ளைத் தூளை நான் துடைத்தேன். விசா விண்ணப்பத்தை எந்த அறையில் கொடுப்பது என்றும் என்னிடம்தான் கேட்டாள். காட்டினேன்.

நத்தார் என்கிற கிறிஸ்துமஸுக்கு முன்பே அவளுக்குப் பதில் வந்துவிட்டது. கூட வேலை செய்த மன்னார் அக்காதான் சொன்னார்.

"எனக்குப் பிறகு குடுத்தவளெல்லோ!" என்றேன்.

"ஓம் அண்ணை. அவ கம்பியில பாயிறா, நீங்கள் வாளியோட நிக்கிறியள். எரியுதோ?"

எரிந்தது. அன்று கம்பிக்குக் கீழே மட்டும் துடைக்காமல் விட்டேன். மறுநாள் அவளே அதைத் துடைத்துவிட்டு எங்களுக்குக் கேக் நீட்டினாள். யார் சிபாரிசு என்று கேட்டேன்.

"யாருமில்லை. திங்கட்கிழமைதோறும் போய் என் கோப்பு எங்கே என்று கேட்டேன். அணித் தேர்வில் பேசாமல் நின்றவளை எங்கள் பயிற்சியாளர் திரும்பியும் பார்க்கமாட்டார்."

நான் ஒரு நினைவூட்டல்கூட எழுதியதில்லை. நினைவூட்டுகிறவனின் கோப்பைக் கட்டின் அடியில் செருகுவது எங்கள் கச்சேரி வழக்கம். எத்தனையோ பேருடையதை நானே செருகியிருக்கிறேன் என்று அவர்களிடம் சொன்னேன்.

மன்னார் அக்கா சிரித்தார். "கச்சேரியையும் காவிக்கொண்டு வந்திட்டியளே, அண்ணை!"

அடுத்த திங்கள் போனேன். "நீங்கள் கேட்கவே இல்லை, மனைவியை அழைக்கும் எண்ணத்தை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தோம்" என்றார் அதிகாரி. பிறகு அலுவலகம் திறந்திருந்த ஒரு திங்களும் தவறவில்லை. அவளுக்குச் சில வாரங்களில் கிடைத்ததை நினைத்து, ஒவ்வொரு தடவையும் வயிறெரிந்துகொண்டேதான் அந்தப் படிகளில் ஏறினேன்.

மனைவி வரலாம் என்ற பதில் என் கைக்கு வந்தது ஈஸ்டர் திங்கள் விடுமுறைக்கு அலுவலகம் பூட்டியிருந்து, நான் கேட்கப் போக முடியாமற்போன நாளின் மறுநாள், செவ்வாய்க்கிழமை.