வெல்லப்பாகு வாசனை

சைக்ளோஸ்டைல் செய்த மூன்று பக்கக் கேள்வித்தாள் அது. எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில், பச்சிளங்குழந்தைகள் ஏன் இறக்கின்றன என்ற ஆராய்ச்சி ஒன்றில் நான் கள ஊழியராகச் சேர்ந்திருந்தேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போய், தாயிடம் கேட்டு, அந்தத் தாளை நிரப்பி வர வேண்டும். காய்ச்சல் இருந்ததா, வயிற்றுப்போக்கு இருந்ததா, தொப்புள்கொடியை எதனால் அறுத்தார்கள் என்று கேள்விகள் போகும்.

கோவிலம்பாக்கத்தில் ஓர் அக்காவைப் பார்த்தேன். தாய்மாமனைக் கட்டிக்கொண்டவர். முதல் குழந்தை பத்தாம் நாள் இறந்திருந்தது; மறுபடியும் நாலு மாதம். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். நான் எழுந்திருக்கும்போது தயங்கினார்.

"இன்னொண்ணு கீதும்மா. சொன்னா சிரிக்கக் கூடாது. கொழந்தை மூத்திரத் துணில வெல்லப்பாகு வாசனை வந்துச்சி. வூட்ல சொன்னா, உனுக்கு புத்தி கெட்டுப்போச்சின்றாங்க."

நான் சிரிக்கவில்லை. ஆனால் எழுதவும் இல்லை. வாசனைக்கென்று தாளில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதியிருக்கலாம். துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று நினைத்துப் பேனாவை மூடிவிட்டேன்.

சில மாதங்கள் கழித்து அதே அக்கா, எங்கள் ஆராய்ச்சி நடந்த ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டுக்கு வந்தார். கையில் ஆறு நாள் குழந்தை, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தது. துணி மாற்றக் குனிந்தபோது எனக்கே அடித்தது, அடிப்பிடித்த பாகின் வாசனை. ஆராய்ச்சியை நடத்திய டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"முதல் குழந்தைக்கும் இப்படி இருந்துச்சா?" என்றார்.

"அக்கா சொன்னாங்க டாக்டர். நான்தான் எழுதல."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நேராகச் சிறுநீரைச் சோதிக்கப் போனார்.

பாலில் உள்ள புரதத்தில் ஒரு பகுதியை அந்தக் குழந்தையின் உடலால் உடைக்க முடியாது. அது தேங்கி மூளையைத் தாக்கும்; சிறுநீரில் பாகு வாசனையாக வெளியேறும். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் சேர்ந்து வருகிற அபூர்வமான கோளாறு. இப்போது சில இடங்களில் பிறந்த உடனே குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுகிறார்கள். அன்று அது இல்லை. அப்படிப்பட்ட குழந்தைகளுக்கான தனி மாவுப்பாலும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தாய்ப்பாலை நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

"அப்போ என் பாலுதான் மூத்ததைக் கொன்னுச்சா, இதையும் கொல்லுதா டாக்டர்?"

"பால் மேல குத்தமில்லம்மா. உன் மேலயும் இல்ல."

அக்கா ரவிக்கை நனைய உட்கார்ந்திருந்தார். நாலாம் நாள் குழந்தை போய்விட்டது.

பதினாறு நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய், வாசனையைப் பற்றி அன்று எழுதாமல் விட்டதைச் சொன்னேன். "எழுதியிருந்தா பொழைச்சிருக்குமா?" என்று கேட்டார். பிறந்த அன்றே பாலை நிறுத்தியிருக்கலாம், அதற்கு மேல் சொல்ல முடியாது என்பதுதான் டாக்டரம்மா எனக்குச் சொன்னது. "தெரியலக்கா" என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். வெகுநேரம் நின்றேன். கடைசியில் அவர் கணவர் வந்து, "நீ கெளம்பும்மா" என்றார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் தேவலை.

இரண்டு வருடம் கழித்து மூன்றாவது குழந்தையோடு வந்தார். பிறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. அடுத்தடுத்து எடுத்த எல்லாச் சோதனைகளும் நன்றாகவே வந்தன. "தாராளமா பால் குடு" என்றார் டாக்டரம்மா. அக்கா கொடுக்கவில்லை. பாலைப் பீய்ச்சிக் கிண்ணத்தில் விட்டுக் கொட்டினார். வெறும் குளுக்கோஸ் தண்ணீர் குடித்த குழந்தை கத்தித் தீர்த்தது.

மூன்றாம் நாள் நான் கட்டிலருகே போனபோது, ஈரத்துணியை என் முன் நீட்டினார்.

"நீ மோந்து பாரு."

பார்த்தேன். "ஒண்ணும் இல்லக்கா."

"நல்லா பாரு."

முகத்தோடு சேர்த்து அழுத்தி முகர்ந்தேன். "வெறும் மூத்திர வாசனைதான்க்கா."

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழந்தையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, அது குடிப்பதைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.