சிவப்புக்கு ஒரு தட்டு, பச்சைக்கு இரண்டு

வண்ணச் சாக்பீஸ் தூள் மூக்கில் ஏறினால் தும்மல் வரும், நாக்கில் பட்டால் சுண்ணாம்பாய்க் கரிக்கும். மௌலா அலி ரயில்வே காலனியில் நாங்கள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தில் வெள்ளிக்கிழமை மதியம் முழுக்க அந்தத் தூள்தான், ஏனென்றால் அன்றுதான் பாட்டு டீச்சர் வசந்தா கரும்பலகை நிறைய வட்டம் வட்டமாய் ஸ்வரம் எழுதுவார். தமிழ், தெலுங்கு, இந்தி என்று வீட்டுக்கொரு பாஷை பேசும் மூன்றாம், நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக உட்கார வைத்துவிட்டு, எந்த எழுத்தில் எழுதுவது என்று குழம்பி, எழுத்தே வேண்டாம், நிறம் போதும் என்று அவர் முடிவு செய்திருந்தார். ச வெள்ளை, ரி மஞ்சள், க சிவப்பு, ம பச்சை, ப நீலம்; பெரிய வட்டத்தை நீட்டிப் பாட வேண்டும், சின்ன வட்டத்தைக் குறுக்க வேண்டும். ஒரே மாதத்தில் எல்லாரும் பார்த்ததும் பாடப் பழகிவிட்டோம், என் தம்பி முரளியைத் தவிர.

முரளிக்கு நல்ல குரல். ஆனால் க வரும் இடத்தில் ம பாடுவான், ம வரும் இடத்தில் க. "பேக்கு, கண்ணைத் தொறந்து பாருடா" என்று நானும் என் பங்குக்குத் திட்டினேன். சிலருக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலவே தெரியும் என்பது ஐந்தாம் வகுப்புக்காரியான எனக்கு எப்படித் தெரியும்? அவன் எல்லார் முன்னாலும் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், பின்வரிசையிலிருந்து அவன் முதுகில் விரலால் தட்டத் தொடங்கினேன். சிவப்புக்கு ஒரு தட்டு, பச்சைக்கு இரண்டு. அதன் பிறகு வகுப்பில் அவன்தான் முதல்.

அப்பா கூட்ஸ் வண்டி டிரைவர். ஜோலார்பேட்டையிலிருந்து தாத்தா இந்தத் தெலுங்கு ஊருக்குப் பிழைக்க வந்த நாள் முதல் எங்களுக்கு எஞ்சின்தான் சோறு போட்டது. எஞ்சினில் டிரைவரும் உதவியாளரும் எதிரே தெரியும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வது வழக்கம். முரளியும் வீட்டு பெஞ்சில் ஏறி உட்கார்ந்து "சிக்னல் பச்சை" என்று நாள் முழுக்கக் கூவி எங்கள் காதைத் துளைப்பான். அப்பா யார்டுக்கு அழைத்துப் போய்க் காட்டும்போதும் தப்பாகச் சொன்னதில்லை. மேலே எரிந்தால் பச்சை, கீழே எரிந்தால் சிவப்பு என்று இடத்தை வைத்தே படித்திருந்தான். "இவன் டிரைவர் ஆவாம அடங்கமாட்டான்" என்று அப்பா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த வருஷ ஆண்டு விழாவில், விருந்தினர் தன் இஷ்டத்துக்கு வட்டம் வரைய, முரளி பார்த்த மாத்திரத்தில் பாட வேண்டும் என்று டீச்சர் ஏற்பாடு செய்திருந்தார். அவனுக்குப் பின்னால் நான். இந்திப் பரீட்சையில் நான் பக்கத்துப் பெண்ணைப் பார்த்து எழுதியதை அன்று காலையில்தான் அவன் அம்மாவிடம் போட்டுக்கொடுத்து எனக்கு அறை வாங்கித் தந்திருந்தான். படட்டும் என்று மேடையில் கையைக் கட்டிக்கொண்டேன். சிவப்பு வந்தது, ம பாடினான். பச்சை வந்தது, க பாடினான். கூட்டம் சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வேலைக்காக ரயில்வே ஆஸ்பத்திரியில் எத்தனையோ தடவை கண் பரிசோதனைக்கு நின்றவர் அவர், எந்த இரண்டு நிறம் மாறுகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் டியூட்டிப் பையிலிருந்த சிவப்புக் கொடியையும் பச்சைக் கொடியையும் கட்டிலில் விரித்தார். ஒன்றைத் தொட்டு, "இது இன்னா கலர், சொல்லு கண்ணு" என்றார். முரளி மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்து, முதுகை என் கைக்கு எட்டும்படி கொண்டுவந்து நிறுத்தினான். அவன் ஏன் அப்படி நகர்கிறான் என்று அப்பா என்னைப் பார்த்தார். என் கை எழவே இல்லை.

அதற்குமேல் அப்பா கேட்கவில்லை. "பரவால்ல கண்ணு, உலகத்துல வேற வேலையா இல்ல" என்று கொடிகளைச் சுருட்டினார். அவனை மறுபடி யார்டுக்கு அழைத்துப் போகவில்லை. டீச்சர் வீடு தேடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "நா தப்பே அம்மா", என் தப்புதான் என்று தெலுங்கில் அழுதார். அடுத்த வாரத்திலிருந்து வட்டங்களுக்குள் எழுத்தும் எழுதினார். ஆனால் முரளி அதற்குப் பிறகு பாடவும் இல்லை, பெஞ்சில் ஏறிச் சிக்னல் கூவவும் இல்லை. வீடு பொறுக்கமுடியாத அமைதியாகிவிட்டது. என்றைக்கிருந்தாலும் ரயில்வே டாக்டர் கண்டுபிடித்திருப்பார் என்று எல்லாரும் சொன்னார்கள், அது உண்மைதான். ஆனால் அதுவரைக்குமாவது, பத்துப் பன்னிரண்டு வருஷம், அவன் மனதுக்குள் டிரைவராக இருந்திருப்பான். அதைப் பிடுங்கியவள் நான்.

முப்பது வருஷமாகிவிட்டது. அப்பா இல்லை, எங்கள் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள், அந்தப் பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பே கிடையாது என்கிறார்கள். முரளி ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஊரின் மறுகோடியில் கொண்டாப்பூரில் இருக்கிறான். போன மாதம் அங்கே போயிருந்தபோது, அவன் மகள் பக்கத்து அறையில் கீபோர்டு பழகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவள், தாங்கமாட்டாமல் சொல்லிவிட்டேன். "அன்னிக்கு மேடையில நான் வேணும்னுதான்டா தட்டல."

"ஹவ் அக்கா, தெரியும்" என்று காலனிப் பேச்சில் ஆமாம் போட்டான் அவன், எனக்கு டீயை ஊற்றியபடியே. "அதுக்கப்புறம் நீ என்கூட ஒரு தடவகூட சண்டை போடலையே."